காணி வழக்கும் வாக்குப்பெட்டியும்: திருகோணமலையிலிருந்து நீதிமன்றச் சேவைக்கு ஒரு மதிப்பீடு

திருகோணமலை மாவட்டத்தில் ஒருவரை நீதிமன்றப் படியேற வைக்கும் காரணங்களில் காணிக்குத் தனியிடம் உண்டு. இடம்பெயர்ந்து திரும்பியபோது வளவில் வேறொரு குடும்பம், ஒரே துண்டுக்கு இருவர் கையில் அனுமதிப்பத்திரம், போரில் எரிந்துபோன காணி உறுதி, வயலுக்குள் நடப்பட்ட திணைக்கள எல்லைக்கல் என்று அதற்குப் பல வடிவங்கள். இந்தச் சேவைக்கு மாற்றுக் கடை கிடையாது. ஆகவே அதைக் கறாராக மதிப்பிட வேண்டும். 2025இல் மெக்சிக்கோ தன் நீதிபதிகளைத் தேர்தலில் தெரிந்த பிறகு "இங்கேயும் மக்களே தெரிவுசெய்தால் என்ன?" என்ற பேச்சு கேட்கிறது. அதையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறோம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: திருகோணமலைக்குத் தேர்தல் வேண்டாம். ஆனால் இப்போதைய நியமன முறையை அப்படியே ஏற்கவும் முடியாது.

இந்தச் சேவையில் பயன் கூடிய பகுதி, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. தனியான ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் நீதவான் நீதிமன்றமே அந்த வேலையைச் செய்கிறது. காணித் தகராறால் சமாதானம் குலையக்கூடும் என்றால் பொலிசார் தகவல் கோவைப்படுத்தலாம். பொலிசார் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு நேரே போகலாம். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை, பொலிஸ் நிலைய வாசலில் மாதங்களைக் கழிக்கிறார்கள். மன்றில் தோன்றிய நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் சத்தியக்கடதாசி, அதற்கு மறுப்புச் சொல்ல மேலும் இரண்டு வாரம், விசாரணை தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிவு, முடிந்து ஒரு வாரத்துக்குள் கட்டளை என்று சட்டம் காலம் குறித்திருக்கிறது. ஆனால் இந்தக் கால எல்லைகள் வழிகாட்டல் மட்டுமே, தவறினால் வழக்கு செல்லாமல் போகாது என்று நீதியரசர் சர்வானந்தா இராமலிங்கம் எதிர் தங்கராசா வழக்கில் தீர்ப்பளித்தார். அதனால் தவணைக்கு மேல் தவணை போவதற்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

இந்த வழக்குகளில் மக்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மன்று கேட்பது "காணி யாருடையது?" என்றல்ல, "தகவல் கோவைப்படுத்திய நாளில் யார் ஆட்சியில் இருந்தார்?" என்று. ஆட்சி என்பது காணியை உண்மையில் கையில் வைத்திருப்பது. அந்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் மட்டும், வெளியேற்றப்பட்டவருக்கு ஆட்சி திரும்பக் கிடைக்கும். பாட்டன் பெயரிலுள்ள உறுதியை மட்டும் இணைத்துவிட்டு வருபவரின் கதை அங்கேயே முடிந்துவிடும். இணைக்க வேண்டியவை வேறு: மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், திகதி தெரியும் புகைப்படம், வேலி அடைத்தவரினதும் வயல் விதைத்தவரினதும் சத்தியக்கடதாசி. வெளியேற்றப்பட்ட நாளைக் குறிப்பிட்டுச் சொல்லும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கட்டாயம் வேண்டும், இரண்டு மாதக் கணக்கை நிறுவ அது பெரிதும் உதவும். உரித்துப் பிரச்சினைக்கு மாவட்ட நீதிமன்றில் வேறு வழக்கு வைக்க வேண்டும். 66ஆம் பிரிவுக் கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை. மாகாண மேல் நீதிமன்றில் மீளாய்வு கேட்கலாம்.

மொழி விடயத்தில் இந்தச் சேவை ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். தமிழ் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளில் பதிவேடு தமிழில் இருக்கலாம். மூதூரிலிருந்து வரும் தமிழ் பேசுபவருக்கும் சேருவிலயிலிருந்து வரும் சிங்களம் பேசுபவருக்கும் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை ஒன்றே. கோப்பு கொழும்புக்குப் புறப்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மேல்மன்றின் மொழி வேறாக இருந்தால் பதிவேட்டை அந்த மொழியிலும் தயாரிக்க வேண்டும் என்பது அதே உறுப்புரை. நூற்றுக்கணக்கான பக்கச் சாட்சியம் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் காத்துக் கிடக்கும். மொழிபெயர்ப்பு வந்ததும் வழக்காளி தன் கண்ணாலே சரிபார்க்க வேண்டியது காணியை விவரிக்கும் அட்டவணையை: வரைபட இலக்கம், துண்டு இலக்கம், ஏக்கர், ரூட், பேர்ச் அளவு, நான்கு எல்லைப் பெயர்கள். வடக்கெல்லை தெற்காக மாறிய ஒரு வரி, வென்ற தீர்ப்பை நிறைவேற்ற முடியாத தாளாக்கிவிடும்.

நீதிபதி இடமாற்றம் இன்னொரு பெரிய பழுது. சாட்சியம் பாதியில் நிற்க நீதிபதி மாறினால் என்ன செய்வது என்பதற்கு 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு விடை தருகிறது: புதியவர் ஏற்கெனவே பதிவான சாட்சியத்தின் மேல் தொடரலாம், தேவையென்றால் சாட்சிகளை மறுபடி அழைக்கலாம். தொடர்ந்தால் நேரம் மிச்சம். ஆனால் குறுக்கு விசாரணையில் தடுமாறிய சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் போய்விட்டார், தட்டெழுத்துப் பிரதி மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே சாட்சியம் எடுக்கும் ஒவ்வொரு விளக்கத் தவணைக்குப் பிறகும் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்து, பிழை இருந்தால் அப்போதே நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டுத் திருத்திக்கொள்வது நல்லது. இரண்டு வருடம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று சொல்வதால் பலன் இல்லை.

இடமாற்றத்தைத் தீர்மானிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு: பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர் இருவரும். மாவட்ட நீதிபதி, நீதவான் ஆகியோரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று மூன்றும் அவர்கள் கையில். மந்திரியின் கையில் இல்லாதது இந்த அமைப்பின் பெரும் பலம். அது எவ்வளவு பெரியது என்பதற்கு, அரசைக் கவிழ்க்க முயன்றதாகத் தொடரப்பட்ட 1962 சதி வழக்கைப் பார்த்தால் போதும். வழக்கைக் கேட்கும் மூன்று நீதியரசர்களை நீதி அமைச்சர் பெயரிடலாம் என்று சட்டம் வந்தது. அப்படிப் பெயரிடப்பட்ட மூவருமே அந்த அதிகாரம் செல்லாது என்று தீர்ப்பளித்து வழக்கைக் கேட்க மறுத்தார்கள். சட்டத்தைத் திருத்தி வேறு ஆயம் தண்டனை வழங்கியது. 1965 டிசம்பரில் இலண்டனிலிருந்த கோமறை மன்று (பிரிவிக் கவுன்சில்) அதையும் கவிழ்த்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே வார்த்த சட்டம் நீதித்துறையின் வேலையைப் பறிக்கிறது என்பது காரணம். அந்த முதல் மூவரின் நிமிர்வு இந்த நாட்டு நீதித்துறையின் முதுசொம்.

ஆனால் மேலே போகப் போகப் பூட்டு தளர்கிறது. மேல் நீதிமன்ற நீதிபதியை நீதிச்சேவை ஆணைக்குழுவின் சிபாரிசில் சனாதிபதி நியமிக்கிறார். சிபாரிசுக்கு முன் சட்டமா அதிபரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அதே சட்டமா அதிபர்தான் அந்த மன்றில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவர். வழக்கின் ஒரு தரப்பு நீதிபதியின் பதவி உயர்வில் பேசும் நிலை இது. எவர் அந்தப் பதவியில் இருந்தாலும் நீக்கப்பட வேண்டிய ஏற்பாடு. உயர் நீதிமன்ற, மேன்முறையீட்டு நீதிமன்ற நியமனங்களின் மேலான காவலோ ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது: 2001இல் 17ஆம் திருத்தம் அந்த நியமனங்களுக்கு ஒப்புதல் கொடுக்கும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது, 2010இல் 18ஆம் திருத்தம் அகற்றியது, 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது, 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி அகற்றியது, 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி மீட்டது. இன்றைய பேரவையின் பத்துப் பேரில் ஏழு பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள். வெளியார் மூவர் மட்டுமே. மூன்றை ஐந்தாக்கினாலே நிலைமை நிறைய மாறும்.

பூட்டு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் திருகோணமலை கிட்ட இருந்து பார்த்தது. வறுமை ஒழிப்புக்கான திவிநெகும சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் கருத்துப் பெற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2012இல் தீர்மானித்தது. அப்போது இங்கே கூடிய கிழக்கு மாகாண சபைக்கும் அந்தச் சட்டமூலம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை பாராளுமன்றில் வைக்கப்பட்டது. விசாரித்த தெரிவுக்குழுவில் பதினொருவர், ஏழு பேர் ஆளுந்தரப்பு. எதிர்த்தரப்பு நால்வர் பாதியில் வெளியேறினார்கள். தெரிவுக்குழுவின் முடிவை 2013 சனவரி 7ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது. நான்கு நாள் கழித்துப் பாராளுமன்றம் 155க்கு 49 என்று வாக்களித்தது, சனாதிபதி அவரை நீக்கினார். 2015 சனவரி 28 அன்று அவர் மீண்டும் பதவியில் அமர்ந்து மறுநாள் ஓய்வுபெற்றார். பின்னர் க. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். நிலைநாட்டப்பட்ட தவறான நடத்தை அல்லது இயலாமை என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதை நிலைநாட்டும் இடம் எண்ணிக்கை பார்க்கும் இடமாக இருக்கும் வரை அந்தச் சொற்கள் எவரையும் காக்காது.

கீழ்மன்றுகளில் அழுத்தம் வேறு விதமாக வருகிறது. குருந்தூர்மலையில் எழுந்த விகாரைக் கட்டுமானம் பற்றிய வழக்கைக் கையாண்ட முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா 2023 செப்ரெம்பரில் உயிர் அச்சுறுத்தலைக் காரணமாக எழுதிப் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார். நீதித்துறையில் தலையிடுவது அரசியலமைப்பின் 111இ உறுப்புரையில் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். வாக்குரிமையையும் ஏழாண்டு வரை பறிக்கலாம். ஆயுதம் சட்டத்தில் இருக்கிறது, எடுப்பார்தான் இல்லை.

இத்தனை பழுதையும் தேர்தல் திருத்துமா? தேர்தலை ஆதரிப்போரின் வாதத்தை இலேசாகத் தள்ளக் கூடாது. அமெரிக்காவில் 1832இல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்கு விட்டபோதும், பின்னர் பல மாநிலங்கள் அதே வழியில் போனபோதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நீதித்துறைச் சுதந்திரமே: ஆளுநரும் சட்டசபையும் தம் ஆட்களைப் போடுவதை நிறுத்த வேண்டும் என்று. 18ஆம், 20ஆம் திருத்தங்களைக் கண்ட நமக்கு அந்தக் கோபம் புரியும்.

ஆனால் விளைவைப் பாருங்கள். மேற்கு வேர்ஜீனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பனிக்கு எதிராக 5 கோடி டொலர் தீர்ப்பு. மேன்முறையீடு மாநில உயர்மன்றுக்குப் போவதற்கு முன்னர் 2004 தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகக் கம்பனித் தலைவர் 30 இலட்சம் டொலர் செலவழித்தார். அந்த வேட்பாளர் வென்றார், பின்னர் அந்த வழக்கில் அமர்ந்து கம்பனிக்குச் சாதகமான மூவரில் ஒருவரானார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 2009இல் சொன்னது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்தான். அயோவா மாநிலத்தில் 2009இல் ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த ஆயத்தின் மூவர் அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தீர்ப்பு சட்டப்படி சரியா என்ற கேள்வியை வாக்குச்சீட்டு கேட்கவே இல்லை. 2025 ஏப்ரலில் விஸ்கொன்சின் மாநில உயர்மன்றின் ஒரே ஓர் ஆசனத்துக்கு 10 கோடி டொலருக்கு மேல் செலவானது.

மெக்சிக்கோவில் 2025 யூன் 1 அன்று கூட்டாட்சி மட்டத்தில் மட்டும் 881 பதவிகளுக்கு வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் 13 சதவீதம் அளவில். பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான வேட்பாளர்களிடையே வாக்காளர் எதைப் பார்ப்பார்? யாருக்குப் போட வேண்டும் என்று எழுதிய மடிப்புத்தாள்கள் கைக்குக் கை போயின. பொலிவியாவில் 2011இல் நடந்த முதல் நீதிபதித் தேர்தலில் வெற்று வாக்கும் செல்லாத வாக்கும் சேர்ந்து செல்லுபடியான வாக்கை மிஞ்சின. யப்பானில் உயர் நீதிமன்ற நீதிபதிகளை நியமித்த பின் பொதுத் தேர்தலோடு சேர்த்து மக்கள் மீளாய்வு செய்கிறார்கள். இன்றுவரை ஒருவர்கூட நீக்கப்படவில்லை. ஓர் ஊரில் பணம் ஆளும், மற்ற ஊரில் அறியாமை ஆளும்.

இதைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தேர்தல் தொகுதிகள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம், எவருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. நான்கு பாராளுமன்ற ஆசனங்களுக்கே விருப்பு வாக்கு எப்படிப் பிரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது மாவட்ட நீதிபதி பதவியும் அந்தச் சீட்டில் வரட்டும். வேட்பாளர் கன்னியாவில் ஒன்று சொல்ல வேண்டும், கிண்ணியாவில் இன்னொன்று, கந்தளாயில் மூன்றாவது ஒன்று. வென்ற பிறகு அவர் முன் வரும் முதல் கோப்பே இரண்டு சமூகத்தவருக்கிடையிலான எல்லைத் தகராறாக இருக்கலாம். தோற்ற சமூகத்தின் வழக்காளி கூண்டில் ஏறும்போதே தன் வழக்கு முடிந்தது என்று நினைப்பார். நீதிபதி நூறு வீதம் நேர்மையாக இருந்தாலும் அந்த நினைப்பை அகற்ற முடியாது. 2019 யூலையில் கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியில் விகாரைக் கட்டுமானத்துக்குத் திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வாக்குக் கேட்கப் போகும் ஒருவரிடம் அத்தகைய கட்டளையை எதிர்பார்க்க முடியுமா? விதித்தாலும் மறுத்தாலும் அது தேர்தல் மேடைப் பேச்சாகிவிடும். சிறுபான்மையாக நிற்பவருக்கு, அது எந்தச் சமூகமானாலும், நீதிமன்றம் தேவைப்படுவது எண்ணிக்கையில் தோற்ற பிறகுதான்.

மக்கள் தீர்ப்பின் ஒரு சிறு வடிவம் இந்த மாவட்டத்து வழக்கொன்றில் ஏற்கெனவே பார்க்கப்பட்டது. 1996 பெப்ரவரி 11 அன்று நடந்த குமாரபுரம் படுகொலை வழக்கு அனுராதபுரம் மேல் நீதிமன்றில் யூரிகள் முன்னிலையில் நடந்தது. 2016 யூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் விடுவிக்கப்பட்டார்கள். யூரிகள் காரணம் எழுத வேண்டியதில்லை. பலியானோரின் உறவினர்களுக்குப் படித்துப் பார்க்க ஒரு தீர்ப்புரைகூட மிஞ்சவில்லை. நீதிபதி மட்டும் கேட்ட வழக்கென்றால் குறைந்தபட்சம் காரணம் எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தை மேன்முறையீட்டில் பிடித்து உலுக்கலாம்.

நியமன நீதிபதி இருந்தால் எல்லாம் சரியாகும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2006 சனவரி 2 அன்று கடற்கரையோரம் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 13 பேரும் 2019 யூலை 3ஆம் திகதி போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டது இதே ஊர் நீதவான் நீதிமன்றில்தான். ஆனால் அங்கே உடைந்தது விசாரணையும் சாட்சிப் பாதுகாப்பும். முக்கிய சாட்சிகள் அஞ்சி நாட்டைவிட்டே போயிருந்தார்கள். நீதிபதியை எப்படித் தெரிந்தாலும், கோப்பில் இல்லாத சாட்சியத்தை அவரால் உருவாக்க முடியாது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது, ஒன்பது வருடம் பிந்தி.

செய்ய வேண்டியது தேர்தலை விடச் சின்னது, கடினமானது. இடமாற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலை எழுதி வெளியிட வேண்டும், தவணைக்கு நடுவில் ஒருவரை மாற்றினால் காரணம் பதிய வேண்டும். மேல் நீதிமன்ற நியமனத்திலிருந்து சட்டமா அதிபரை விலக்க வேண்டும். நீதியரசரை நீக்கும் விசாரணையை நீதித்துறை அனுபவம் உள்ளவர்களின் சுயாதீன மன்று செய்து, அதன் முடிவின் மேல் மட்டுமே பாராளுமன்றம் வாக்களிக்க வேண்டும். தமிழ்ப் பதிவேட்டை மொழிபெயர்க்கும் ஆளணியைப் பெருக்க வேண்டும். கடைசி விடயம் யாருக்கும் அரசியல் இலாபம் தராது, ஆனால் திருகோணமலை வழக்காளியின் வருடங்களைத் திருப்பிக் கொடுக்கும்.

அதுவரை இந்தச் சேவையைப் பயன்படுத்துவோர் மூன்று வாசல்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நீதிபதியின் நடத்தை பற்றிய முறைப்பாடு கொழும்பிலுள்ள நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்தில் போக வேண்டும்: வழக்கிலக்கம், திகதி, நடந்தது என்ன என்று சுருக்கமாக, பிரதிகளோடு. "தீர்ப்பு பிழை" என்ற முறைப்பாட்டை அங்கே அனுப்பிப் பயனில்லை. குறிப்பிட்ட மன்றில் பக்கச்சார்பற்ற விசாரணை கிடைக்காது என்று காட்டக் காரணம் இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றிடம் வழக்கை வேறு மன்றுக்கு மாற்றும்படி கேட்கலாம். சந்தேகம் மட்டும் போதாது, சத்தியக்கடதாசியில் சம்பவம் வேண்டும். தீர்ப்பே பிழையென்றால் மேன்முறையீடு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு. 14 நாள் கணக்கில் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது, 60 நாள் கணக்கில் சேரும். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர் தீர்ப்பு வந்த வாரத்திலேயே சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போக வேண்டும், ஐம்பதாவது நாளில் அல்ல.